ஆழத்தால் வரைந்த பூ

சீனாவின் வடபகுதியில் 11-ஆம் நூற்றாண்டில் வனைந்த கிண்ணம் ஒன்று. உள்ளே ஒரு பியோனிப் பூ மலர்ந்திருக்கிறது. இதழ் மேல் இதழ் படிந்திருப்பது தெரிகிறது. ஒவ்வோர் இதழின் அடியிலும் நிழல் விழுந்திருக்கிறது. விளிம்புகள் வெளிறி மேலெழுந்து நிற்கின்றன. ஆனால் கிண்ணம் முழுவதும் இருப்பது ஒரே பச்சைதான். தூரிகை படவில்லை, இரண்டாவது வண்ணம் சேரவில்லை. விரலால் தடவினால் பெரும்பாலும் வழவழவென்று ஓடுகிறது. அப்படியானால் நிழலும் வெளிச்சமும் எங்கிருந்து வந்தன?

பூச்சுக்கு அடியில் இருக்கும் மண்ணிலிருந்து வந்தன. மண்ணில் கத்தி வெட்டிய பள்ளத்தில் பச்சைக் கண்ணாடி உருகி நிறைந்திருக்கிறது. பள்ளம் ஆழமான இடத்தில் பச்சை கருக்கிறது, ஆழம் குறைந்த இடத்தில் வெளுக்கிறது. கண்ணுக்குப் பூவாகத் தெரிவது உண்மையில் ஆழங்களின் வரைபடம். செலடான் எனப்படும் இந்தப் பச்சைப் பீங்கான் வகையில் பூ வேலைப்பாட்டின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு விதியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

செதுக்கு வேலைக்குப் பெயர்போன ஊர் யாவ்சோ. ஷான்ஷி மாகாணத்தில், சியான் நகருக்கு வடக்கே இன்றைய தோங்சுவான் நகரை ஒட்டியுள்ள ஹுவாங்பாவ் என்ற சிற்றூரில்தான் அதன் முதன்மைச் சூளைகள் இருந்தன. தாங் அரசமரபின் காலத்தில் தொடங்கிய தொழில், வடக்கு சோங் அரசமரபின் ஆட்சியில் (960–1127) உச்சத்தை எட்டியது. ஆற்றங்கரை நெடுகச் சூளைகள், பட்டறைகள், உடைந்த ஓடுகளின் குவியல்கள். 1084-ஆம் ஆண்டில் அங்கே சூளைத் தெய்வத்துக்கு நட்ட கல்வெட்டு இன்றும் இருக்கிறது. குயவர்களின் தொழில்முறையைப் புகழும் அது, அவர்கள் பாண்டத்தை உலோக வார்ப்போடும் செதுக்கிய ஜேடுக் கல்லோடும் ஒப்பிடுகிறது. அதே காலத்து அரசு புவியியல் பதிவு, யாவ்சோ அரண்மனைக்குச் செலுத்த வேண்டிய காணிக்கை 50 பீங்கான் கலங்கள் என்று குறித்திருக்கிறது.

நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்தச் சூளைகள் ஓய்ந்தன, ஊரின் பெயரும் மங்கியது. மேலை நாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தக் கலங்களை 'வடக்குச் செலடான்' என்று பொதுவாகச் சொல்லி வந்தார்கள். 1950-களின் இறுதியில் தொல்லியலாளர்கள் ஹுவாங்பாவில் அகழாய்வு நடத்திய பிறகே அவை எங்கே பிறந்தவை என்பது உறுதியானது.

இனி கத்திக்கு வருவோம்.

திகிரியில் வனைந்த கிண்ணத்தை உடனே செதுக்க முடியாது. ஈர மண் கத்தியோடு இழுபட்டு வரும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ கத்தி பட்ட இடம் பொடிந்து விளிம்பு சிதறும். இரண்டுக்கும் இடையே ஒரு பதம் உண்டு. மண் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், அழுத்தினால் வளையாது, கத்தி வைத்தால் சீவலாகச் சுருண்டு வரும். தோல்போல் இறுகிய இந்தப் பதம் நீடிப்பது கொஞ்ச நேரம்தான். காற்றும் வெயிலும் அதைத் தீர்மானிக்கும். செதுக்குபவர் தயங்கித் தயங்கிக் கோடு போட அந்த நேரம் இடம் தராது. யாவ்சோ கலங்களில் காணும் வேகம் பாதி கைத்திறன், பாதி மண்ணின் அவசரம்.

வெட்டு இரண்டு அடிகளாக நடக்கிறது. முதலில் கத்தியை நிமிர்த்திப் பிடித்து இதழின் வெளிக்கோட்டை ஆழமாகக் கீறுகிறார்கள். அடுத்து கத்தியைச் சாய்த்து, அந்தக் கீறலை நோக்கி ஒரு சரிவாக மண்ணைச் சீவி எடுக்கிறார்கள். இப்போது பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் மெல்ல ஏறும் சரிவு. பள்ளத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்த முக்கோணம் தெரியும். கடைசியாக, சீப்புபோல் பல் கொண்ட கருவியால் இதழுக்குள் நெருக்கமான நரம்புகளை இழுக்கிறார்கள். இவ்வளவுதான் வேலை. இதழின் வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டு திரும்பும்போது வெட்டின் ஆழமும் அகலமும் மாறிக்கொண்டே போகும். ஒரே கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும்.

அந்தச் சாய்வில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளப் பூச்சின் தன்மையைப் பார்க்க வேண்டும்.

சுடுவதற்கு முன் செலடான் பூச்சு வெறும் கூழ். அரைத்த கல்லும், சுண்ணாம்புச் சத்துள்ள சாம்பலும், களிமண்ணும் கலந்தது. செதுக்கிய கிண்ணத்தின் மேல் அதை ஏற்றிக் காயவிட்டால் மங்கலான பொடிப் படலம் மண்ணை மூடிவிடும். செதுக்கிய பூவும் அடியில் மறைந்துபோகும். ஏறத்தாழ 1,250 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்தப் பொடி உருகிக் கண்ணாடியாகும்போதுதான் பூ மறுபடி தெரியும். உருகிய கண்ணாடி இருந்த இடத்திலேயே நிற்பதில்லை. மேடான விளிம்பிலிருந்து வழிந்து பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. விளிம்பில் படலம் மெலிகிறது, பள்ளத்தில் குளமாகத் தேங்குகிறது. குளிர்ந்தபின் மேற்பரப்பு ஏறக்குறைய மட்டமாகிவிடும். மண்ணில் இருந்த மேடுபள்ளம் இப்போது கண்ணாடியின் கனத்தில் ஏற்றஇறக்கமாக மாறியிருக்கும்.

கனம் எப்படி நிறமாகிறது? கிணற்று நீரைக் கையில் அள்ளினால் நிறமே இல்லை, எட்டிப் பார்த்தால் கிணறு கரும்பச்சை. ஒளி கடக்க வேண்டிய தூரம் கூடக்கூட, நீர் விழுங்கும் பங்கும் கூடுகிறது. பூச்சிலும் அதுவே நடக்கிறது. ஒளி கண்ணாடிக்குள் புகுந்து, மண்ணில் பட்டுத் திரும்பி, மறுபடி கண்ணாடியைக் கடந்து கண்ணுக்கு வருகிறது. ஒரு கனத்தைப் போய்வருகையில் சிவப்பு ஒளியில் 80 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கனம் இரண்டு மடங்கானால் மிஞ்சுவது 80-இல் 80 சதவீதம், அதாவது 64. மூன்று மடங்கில் 51, நான்கு மடங்கில் 41. கனம் கூட்டல் வரிசையில் ஏற, ஒளி பெருக்கல் வரிசையில் இறங்குகிறது. பாடநூல்களில் பீர்–லாம்பர்ட் விதி என்று வருவது இதுதான்.

இப்போது சாய்ந்த வெட்டுக்குத் திரும்புவோம். செங்குத்துச் சுவரின் அடியில் கண்ணாடி அதிகக் கனம். அங்கே பச்சை சட்டென்று கருக்கிறது. இதழின் விளிம்பு கூர்மையாகப் பிரிந்து தெரிகிறது. சரிவின் மேலே போகப்போகக் கனம் படிப்படியாகக் குறைகிறது, நிறமும் இழையிழையாக வெளுக்கிறது. ஓவியர் தூரிகையில் நீர் கூட்டிக் குறைத்துச் செய்யும் நிழலை, குயவர் கத்தியின் சாய்வால் செய்துவிடுகிறார். பள்ளத்தின் இரு பக்கமும் செங்குத்தாக இருந்திருந்தால் வெறும் கருங்கோடுதான் கிடைத்திருக்கும். ஓர் இதழ் மற்றோர் இதழுக்கு அடியில் புகுவதுபோன்ற தோற்றம் வந்தே இருக்காது.

இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. செதுக்குபவர் வெட்டும்போது அவர் கண்முன் இருப்பது சாம்பல் நிற ஈர மண். அதில் நிழல் விழும் விதம் வேறு, பூச்சு நிறைந்த பின் தெரியும் விதம் வேறு. மண்ணில் அழகாகத் தெரியும் நுண்ணிய கீறல் பூச்சுக்குள் கரைந்துபோகலாம். முரட்டுத்தனமாகத் தெரியும் ஆழ்வெட்டு சுட்டபின் கச்சிதமாக அமையலாம். அவர் செதுக்குவது இன்னும் உருவாகாத ஒரு கண்ணாடிக்காக.

அந்தக் கண்ணாடிக்குப் பச்சை தருவது இரும்பு. அளவு மிகக் குறைவு; பூச்சின் எடையில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம் இரும்பு ஆக்சைடு. காற்று தாராளமாகப் புகும் தீயில் சுட்டால் இரும்பு ஃபெர்ரிக் நிலையில் நின்று மஞ்சளும் பழுப்புமாகக் காட்டும். சூளையில் ஆக்சிஜனைக் குறைத்து, எரிபொருளைச் சற்றே மிகையாகத் திணித்தால் கார்பன் மோனாக்சைடு பெருகும். அது பூச்சு உருகி மூடிக்கொள்ளும் முன் இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து ஃபெர்ரஸ் நிலைக்கு ஒடுக்கும். ஃபெர்ரஸ் இரும்பு அண்மை அகச்சிவப்பிலும் சிவப்பிலும் ஒளியை விழுங்குவதால் கண்ணாடி நீலம் பாய்ந்து தெரியும். மிச்சமிருக்கும் ஃபெர்ரிக் இரும்பு ஊதாப் பகுதியை விழுங்கும். இரண்டும் சேர்ந்து நடுவில் விட்டுவைப்பது பச்சை. இரண்டின் விகிதம் கொஞ்சம் மாறினாலும் சாயல் மாறிவிடும்.

யாவ்சோவின் பச்சை நீலம் பாயாமல், ஆலிவ் காய்போல மஞ்சள் கலந்து நிற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று டைட்டானியம். அந்த வட்டாரத்து மண்ணிலும் கல்லிலும் சிறிதளவு கலந்திருக்கும் டைட்டானியம் ஆக்சைடு, இரும்போடு சேர்ந்து நிறத்தை மஞ்சள் பக்கம் இழுக்கிறது. இன்னொன்று எரிபொருள். தாங் காலத்தில் விறகெரித்த யாவ்சோ, சோங் காலத்தில் நிலக்கரிக்கு மாறியது. அகழாய்வில் நிலக்கரிச் சாம்பல் கிடந்த சூளைகளும், அதற்கேற்ற எரிமேடைகளும் சாம்பல் குழிகளும் வெளிப்பட்டன. விறகின் நீண்ட சுவாலை சூளை முழுவதும் பாய்ந்து புகைமூட்டத்தைப் பிடித்துவைக்கும். நிலக்கரியின் சுவாலை குட்டை. வெப்பம் அதிகம், சீராக நிற்கும், ஆனால் ஆக்சிஜன் குறைந்த சூழலைக் கடைசிவரை காப்பது கடினம். ஒடுக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் மஞ்சள் எட்டிப்பார்க்கும். பூச்சிடாத அடிவளையத்தில் அந்தத் தளர்வு அப்படியே பதிந்திருக்கும். உள்ளே சாம்பல் நிறமான மண், காற்று பட்ட மேல்தோலில் பழுப்பேறியிருக்கும். கலங்களைப் புகையும் சாம்பலும் நேரடியாகத் தாக்காதிருக்க ஒவ்வொன்றையும் சுடுமண் உறைக்குள் வைத்துத்தான் அடுக்கினார்கள்.

இந்தச் செதுக்குமுறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஷான்ஷியில் 1968-இல் கண்டெடுத்து இப்போது சியானில் ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கூஜா, 10-ஆம் நூற்றாண்டின் முறையைக் காட்டுகிறது. உயரம் 18.3 சென்டிமீட்டர். குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண்சிங்கத்தின் வாய்தான் மூக்கு. மூடிபோல் தெரிவது திறக்காது. கூஜாவைக் கவிழ்த்து, அடியில் பூ வடிவில் உள்ள துளை வழியாகத்தான் நீர் ஊற்ற வேண்டும். துளையிலிருந்து உள்ளே ஒரு குழாய் மேல்நோக்கி எழுகிறது. நிமிர்த்தி வைத்தால் நீர்மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே நின்றுவிடுவதால் ஒரு சொட்டும் ஒழுகாது. வயிற்றுப் பகுதியைச் சுற்றிப் பியோனிக் கொடி. இங்கே பூவைச் சுற்றியிருக்கும் தரையையே ஆழமாகச் சீவி எடுத்திருக்கிறார்கள். பூ புடைப்புச் சிற்பமாக மேலெழுந்து நிற்கிறது. பச்சை கருத்துத் தேங்குவது தரையில், பூ வெளிறித் துலங்குகிறது. பார்க்கக் கம்பீரமானது, ஆனால் கைவேலை ஏராளம். மண்ணும் கனமாக இருக்க வேண்டும். தரையை முழுக்கச் சீவாமல் ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் மட்டும் சாய்வெட்டுப் போடும் 11-ஆம் நூற்றாண்டு முறை அதே விளைவைக் குறைந்த மண்ணிலும் குறைந்த நேரத்திலும் தந்தது. மெல்லிய கிண்ணங்களிலும் பூ செதுக்க வழி பிறந்தது.

எந்தப் பூக்கள்? பெரும்பாலும் பியோனி, தாமரை, செவ்வந்தி. சோங் காலத் தத்துவ அறிஞர் சோ துன்யி 1063-இல் எழுதிய, தாமரை மீதான காதலைப் பற்றிய சிறு கட்டுரை இதே மூன்று பூக்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. செவ்வந்தியை ஊரை விட்டு ஒதுங்கி வாழ்பவரோடும், பியோனியைச் செல்வத்தோடும், சேற்றில் முளைத்தும் சேறு படியாத தாமரையைச் சான்றோரோடும் அவர் இணைத்தார். தன் மனம் தாமரையோடுதான் என்றவர், உலகம் விரும்புவது பியோனியை என்றும் ஒப்புக்கொண்டார். யாவ்சோ ஓடுகளும் அவருக்குச் சாட்சி சொல்கின்றன. அங்கே பியோனிக்குத்தான் பெரிய இடம். செல்வத்தின் அடையாளம் என்பதால் வாங்குபவர் விரும்பினார். கத்திக்கும் அது தோதான பூ. அடுக்கடுக்காகச் சுருளும் அதன் அகன்ற இதழ்கள் ஒவ்வொன்றும் ஒரு சாய்வெட்டுக்கு இடம் தருகின்றன. செவ்வந்தியின் குறுகிய இதழ்களில் அந்தச் சலுகை இல்லை.

செவ்வந்தி வேறு வழியில் பெருகியது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவை கூடியபோது யாவ்சோவில் அச்சு பரவலாயிற்று. கவிழ்த்த கிண்ணம்போன்ற களிமண் அச்சில் பூக்கொடியை ஒருமுறை செதுக்கிச் சுட்டு வைத்துக்கொள்வார்கள். திகிரியில் வனைந்து பதம் வந்த கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்துத் தட்டி அழுத்தினால் உட்புறத்தில் பூ பதிந்துவிடும். அளவும் வடிவமும் ஒன்றாகவே அமையும், கைதேர்ந்த செதுக்காளர் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தேவையில்லை. செவ்வந்திக் கொடி நெருக்கமாகச் சுழலும் சிறு கிண்ணங்கள் பல இப்படி வந்தவை. அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அச்சில் வந்த கோடுகள் மெல்லிய வரம்புகளாகப் புடைத்திருக்கும், அவற்றின் உயரம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆழம் மாறாததால் பச்சையின் தொனியும் அதிகம் மாறாது. செதுக்கிய கோட்டில் தொடக்கமும் முடிவும் தெரியும். கத்தி எந்தப் பக்கம் சாய்ந்தது, எங்கே மணிக்கட்டு திரும்பியது என்பதுகூடத் தெரியும்.

தெற்கே கதை வேறு திசையில் போனது. ஜெஜியாங் மாகாணத்தின் மலைச்சரிவுகளில், லோங்சுவான் வட்டாரத்தில், மலை ஏறும் நீண்ட டிராகன் சூளைகளில் விறகெரித்துச் சுட்டார்கள். தொடக்கத்தில் அங்கும் மெல்லிய, ஓடும் தன்மையுள்ள சுண்ணாம்புப் பூச்சுதான். அதற்கு அடியில் செதுக்கிய பூவும் சீப்புக் கோடுகளும் இருந்தன. 1127-இல் வடபகுதி ஜுர்சென்களின் ஜின் அரசிடம் வீழ்ந்து, சோங் அரசவை தெற்கே அதே ஜெஜியாங்கில் இன்றைய ஹாங்சோவுக்கு இடம்பெயர்ந்த பிறகு ரசனை மாறியது. பச்சை ஜேடுக் கல்லின் மென்மையான மினுமினுப்பைப் பூச்சில் கொண்டுவர விரும்பினார்கள். அதற்குச் சுண்ணாம்பின் பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் போன்ற காரங்களின் பங்கைக் கூட்டினார்கள். அந்தப் பூச்சு உருகியும் வழிந்தோடாது. பல தடவை ஏற்றிக் கனமாக்கலாம். உள்ளே சிக்கிய நுண்குமிழ்களும் கரையாத துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடியின் ஊடே அடிமண் தெளிவாகத் தெரியாது.

செதுக்கு வேலைக்கு அது பாதகமாயிற்று. வழிந்தோடாத பூச்சு மேட்டில் மெலிவதில்லை, பள்ளத்தில் தேங்குவதுமில்லை. ஒளி ஊடுருவாத பூச்சில் ஆழம் நிறமாக மாறுவதில்லை. நுண்ணிய வெட்டுகள் புதைந்துபோயின. தெற்கு சோங் காலத்து உயர்ந்த லோங்சுவான் கலங்களில் பூ ஏறக்குறைய மறைந்துவிட்டது. எஞ்சியது கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வரிசையாகச் செதுக்கிய தாமரை இதழ்கள். அவற்றின் நடுவே முதுகெலும்பாக ஓடும் கூரிய மேடு மட்டும் பூச்சைக் கிழித்துக்கொண்டு வெண்கோடாகத் தெரிந்தது. கத்தி இழந்ததைப் பூச்சு தன் நிறத்தாலும் கனத்தாலும் ஈடுசெய்தது. பின்னர் யுவான், மிங் காலங்களில் பெரிய தட்டுகளில் பூ திரும்பி வந்தபோது, அகலமான ஆழ்வெட்டுகளாகவோ தனியே அச்சிட்டு ஒட்டிய புடைப்புகளாகவோ வந்தது. கனமான பூச்சுக்கு அடியிலிருந்து தலைகாட்ட அந்த அளவு வேண்டியிருந்தது.

அந்த லோங்சுவான் கலங்கள்தாம் கடல் கடந்து அதிகம் பயணித்தவை. 1323-இல் கொரியக் கடலோரத்தில், சினான் அருகே மூழ்கிய வணிகக் கப்பலிலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட பீங்கான்கள் மீட்கப்பட்டன. பாதிக்கும் மேல் லோங்சுவான் செலடான். நம் கரைக்கும் அவை வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழாய்விலும் கள ஆய்விலும் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் லோங்சுவான் செலடானும் உண்டு. வரலாற்றாய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்து, பாண்டியர் காலக் கடல் வணிகத்தின் சான்றாக முன்வைத்தார்கள்.

யாவ்சோவைப் பற்றித் தெற்கிலிருந்து ஒரு கடுமையான தீர்ப்பும் வந்திருக்கிறது. தெற்கு சோங் கவிஞர் லூ யோ (1125–1210) தன் குறிப்புகளில், யாவ்சோவின் பச்சைப் பாண்டம் மிகவும் கரடுமுரடானது, நீடித்து உழைப்பதால் உணவுக் கடைக்காரர்கள்தாம் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார். அரண்மனைக்கு 50 கலங்கள் அனுப்பிய அதே ஊரைப் பற்றிய பேச்சு இது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் சுட்ட சூளைகளில் கடைக்கிண்ணமும் காணிக்கைக் கலமும் சேர்ந்தே வெந்தன. ஆனால் லூ யோ பிறந்த இரண்டே ஆண்டுகளில் வடக்கு பறிபோய்விட்டது. அவர் வளர்ந்தது கனத்த, ஜேடு போன்ற பூச்சு கொண்டாடப்பட்ட தெற்கில். அந்தக் கண்ணுக்கு மெல்லிய ஆலிவ் பூச்சு ஏழ்மையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர் தேடியது பூச்சின் கனம், யாவ்சோ கொடுத்தது கத்தியின் சாய்வு. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் முழுதாகப் பெற வேதியியல் இடம் தரவில்லை.